தலை தள்ளிப்போன வாத்து

சம்பந்தி அம்மா கடைக்குள் வந்தபோது ஈயக்காரரின் உதடுகளுக்கு நடுவே இரண்டு ஸ்க்ரூ இருந்தன. மேசையில் யாருடைய போனோ குடல் தெரியக் கிடந்தது. பழுதான போர்டுகளை ஈயம் உருக்கி ஒட்டிப் பிழைக்க வைப்பதால் ஊருக்கு அவர் ஈயக்காரர். வாய் அடைத்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டி வரவேற்றார். அதுவும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. வாய் சும்மா இருந்திருந்தால், "வாங்க" என்பதற்குப் பின்னாலேயே பழக்கதோஷத்தில் "சம்பந்தி" என்றும் வந்து விழுந்திருக்கும். அந்த உறவு அறுந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஈயக்காரருடைய மகளும் இந்த அம்மாவின் மகனும் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒத்துவரவில்லை. ஒருவர் மேல் ஒருவர் சேற்றை வாரி இறைக்காமல், ஒரே காரில் போய் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஒன்றாகக் காபியும் குடித்துவிட்டுப் பிரிந்தார்கள். பிள்ளைகளுக்கு இருந்த பக்குவம் பெற்றவர்களுக்கு இல்லை. அதுவரை நகமும் சதையுமாக இருந்த இரண்டு அம்மாக்களும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியது ஈயக்காரரின் மனைவிதான். "உங்க பிள்ளையை ஒழுங்கா வளர்த்திருந்தா என் பொண்ணு இப்படி நிப்பாளா?" என்று போனில் கேட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தில் போனை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்துவிட்டார் சம்பந்தி அம்மா.

உறவு போனாலும் பெயர் நாக்கைவிட்டுப் போகவில்லை. வீட்டில் எப்போதாவது பேச்சு வந்தால் இன்றும் அவர் 'சம்பந்தி அம்மா'தான். நாமும் அப்படியே சொல்வோம்.

"வேலையா இருக்கீங்களாண்ணா?" என்றார் சம்பந்தி அம்மா.

ஈயக்காரர் ஸ்க்ரூவை உள்ளங்கையில் துப்பினார். இந்த 'அண்ணா'வை அவர் எதிர்பார்க்கவில்லை. சம்பந்தம் பேசி முடித்த நாளில் ஆரம்பித்தது அது. கையெழுத்துப் போட்டால் சம்பந்தி போய்விடுவாராம். அண்ணா போகமாட்டார் போலிருக்கிறது.

"இல்லம்மா. உக்காருங்க, உக்காருங்க," என்று நாற்காலியில் கிடந்த வயர்களை அள்ளித் தரையில் போட்டார்.

சம்பந்தி அம்மா கனமான பையிலிருந்து ஒரு கறுப்பு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். செங்கல் பருமன். மூடியின் மூலையெல்லாம் கை பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. ஈயக்காரருக்கு அதை நன்றாகத் தெரியும். சம்பந்தி அம்மா வீட்டின் பின்னறையில் ஓடும் எம்பிராய்டரி மெஷினுக்கு மூளை அதுதான். படத்தை இது வைத்திருக்கும். எந்தத் தையலை எங்கே போடுவது என்று மெஷினுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லும்.

"புதுசு வாங்கச் சொல்லாதீங்க," என்று சம்பந்தி அம்மா முந்திக்கொண்டார். "இதுல ஓடற புரோகிராம் புதுசுல ஓடாது. பின்னாடி ஒரு பூட்டு மாதிரி சொருகணும், அதுக்கு ஓட்டை இப்ப வர்றதுல கிடையாது. புரோகிராம் வித்த கம்பெனியும் போயாச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒருத்தன் திறந்துகூடப் பாக்காம தூக்கிப் போடுங்கன்னான். இன்னொருத்தன் மெமரி குச்சியை மாத்திப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டான். தையல் மெஷின் மெக்கானிக் வந்து மெஷின் மேல குத்தமில்லைன்னுட்டான். கடைசியில எல்லாருமா சேர்ந்து என் கைமேல பழியைப் போட்டுட்டாங்க. நான்தான் துணியைச் சரியா இறுக்கலையாம்!"

இன்னொரு பையைக் கவிழ்த்தார். வீணாய்ப்போன துணிகள் மேசையில் குவிந்தன. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பைக்கான துணி. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் வாத்து. உடம்பு, இறக்கை, கால் எல்லாம் அச்சு அசல் வாத்துதான். ஆனால் கழுத்துக்கு மேலே தலை மட்டும் பக்கவாட்டில் விலகி, தனக்கும் அந்த உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

ஈயக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சம்பந்தி அம்மா முறைத்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. கடையை ஒட்டிய வீட்டுச் சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"எல்லாத் துணியிலயும் இப்படித்தானா?"

"அப்படியிருந்தாக்கூடப் பரவாயில்லையே. பத்து நல்லா வரும், அடுத்தது தலை தள்ளும். சில நாள் திரையே நீலமாகி அப்படியே நின்னுடும்."

ஈயக்காரர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து விலகலை அளந்தார். அடுத்த துணி. அதற்கடுத்தது. ஒன்றில் தலையோடு கழுத்தும் விலகியிருந்தது. எதை அளந்தாலும் ஆறரை மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு. அதிலிருந்து கூடவுமில்லை, குறையவுமில்லை.

"இது உங்க கை இல்லைம்மா," என்றார் நிமிர்ந்து. "துணி நழுவினா ஒருதரம் இப்படி நழுவும், ஒருதரம் அப்படி நழுவும். ஊசி வளைஞ்சாலும் அப்படித்தான். இது எப்பத் தள்ளினாலும் ஒரே அளவு தள்ளுது. கைக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது. உள்ள மெமரியிலதான் ஒரு இடம் பொய் சொல்லுது."

"குச்சியை மாத்தியாச்சேண்ணா."

"குச்சி மாத்தற மெமரி ஒண்ணு. போர்டோட சேர்த்து ஈயம் வெச்சு ஒட்டின மெமரி இன்னொண்ணு. அதை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

சம்பந்தி அம்மா வாத்துகளை ஒவ்வொன்றாக மடித்தார். "அப்ப என் கைமேல தப்பில்ல."

"உங்க கை என்னைக்குத் தப்புப் பண்ணியிருக்கு?" என்றார் ஈயக்காரர். சொல்லிவிட்டு, இவ்வளவு பேசியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

கிளம்பும்போது சம்பந்தி அம்மா வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்ணி நல்லா இருக்காங்களா?"

"உள்ளதான் இருக்கா," என்று ஈயக்காரர் வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து குழாய் திறக்கும் சத்தம்தான் வந்தது. சம்பந்தி அம்மா ஒரு கணம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "யாரு வந்தது?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? குரலை வெச்சு ஆளைப் பிடிக்க நான் என்ன போலீஸா?"

அவர் சிரித்தபடி சாப்பிட்டார். தண்ணீர் ஊற்றும் சாக்கில் அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"இளைச்சிருக்காங்களா?"

"கொஞ்சம்."

"அலைச்சலா இருக்கும். தனியா ஒரு ஆளு எத்தனை பாக்கறது," என்றவள், அவர் நிமிர்ந்து பார்த்ததும், "எனக்கென்ன வந்துச்சு," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பிட்டானதும் லேப்டாப்பைப் பிரித்தார். ஸ்லாட்டிலிருந்த மெமரி குச்சியைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டில் ஒட்டியிருந்த மெமரியோடு மட்டும் அதை எழுப்பி, பழைய சி.டி. ஒன்றிலிருந்து சோதனையை ஓடவிட்டார். மெமரி என்பது கோடிக்கணக்கான வீடுகள் உள்ள ஓர் ஊர். சோதனை செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு வீட்டிலும் ஓர் எண்ணைக் கொடுத்துவைக்கும், ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். கொடுத்தது ஒன்று, வருவது வேறு என்றால் திரையில் சிவப்புக் கோடு போடும்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. ஈயக்காரர் அவசரப்படவில்லை. சூடேறட்டும் என்று ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தார். துணியை எடுத்துப் பார்த்தபோது திரையின் அடியில் சிவப்பு வரிசை கட்டியிருந்தது. எல்லாம் ஒரே தெருவில் உள்ள வீடுகள். எல்லாத் தப்பும் ஒரே மாதிரித் தப்பு.

வாத்தின் தலை ஏன் ஒரே அளவு விலகியது என்பது அவருக்கு இப்போது கண்ணாடி மாதிரித் தெரிந்தது. கம்ப்யூட்டர் எந்த எண்ணையும் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துப் போகும் எடைக்கற்களைச் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளும். அதில் அறுபத்து நாலாம் கல் ஓரிடத்தில் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. மெஷினின் தையல் கணக்கோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வாத்துப் படம் அந்தத் தெருவில் போய் உட்கார்ந்து சூடேறும்போதெல்லாம் ஒரு தையல் அறுபத்து நாலு பங்கு, அதாவது ஆறு புள்ளி நாலு மில்லிமீட்டர், தவறிவிடும். அதற்குப் பின்னால் வரும் தையலெல்லாம், முன்னால் போன ஆட்டைப் பார்த்துப் போகும் மந்தைபோல அப்படியே தள்ளிப் போகும். படம் வேறு தெருவில் உட்கார்ந்தால் பிழைத்தது.

போர்டில் நான்கு மெமரி சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பூரான்போல வரிசையாகக் கால்கள். எந்தக் கம்பி எந்தச் சிப்புக்குப் போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்ததில், பொய் சொல்வது இரண்டாவது சிப் என்று தெரிந்தது. கால் ஏதாவது விட்டிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. கால் விட்டிருந்தால் ஊர் முழுக்கத் தப்பு வந்திருக்கும். ஒரே தெருவில் மட்டும் வருவதால் நோய் காலில் இல்லை, வயிற்றில். ஈயத்தை உருக்கிவிட்டு ஒப்பேற்ற முடியாது. சிப்பையே மாற்ற வேண்டும்.

உடைந்த லேப்டாப்புகளிலிருந்து கழற்றிய மெமரி குச்சிகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கிளறிக் கிளறி, அதே அளவில் அதே கால்களுடன் சிப் உள்ள குச்சி ஒன்றைக் கண்டுபிடித்தார். வேறொரு பழைய மெஷினில் போட்டு, அது யோக்கியமான சிப்தான் என்றும் பார்த்துக்கொண்டார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மீதியை மறுநாள் வெளிச்சத்தில் பார்ப்போம் என்று கடையைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் அவருக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. ஒரு கையில் சூட்டுக் காற்று ஊதும் கருவி, ஒரு கையில் இடுக்கி. போர்டைச் சாய்த்துப் பிடிக்க ஆள் வேண்டும். எப்போதும் மனைவிதான் பிடிப்பாள். இன்றைக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கையைத் துடைத்துக்கொண்டு அவளாகவே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"யாரோடதுன்னு தெரியுமில்ல?" என்றார்.

"யாரோடதா இருந்தா என்ன? கோணலா வெக்க முடியுமா? ஆரம்பிங்க."

சுற்றிலும் இருந்த பிளாஸ்டிக்கெல்லாம் உருகாமல் இருக்க வெப்பம் தாங்கும் டேப் ஒட்டினார். சிப்பின் கால்களில் ஈயம் இளக உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, சூட்டுக் காற்றை வட்டம் வட்டமாகச் சுழற்றினார். ஈயம் முதலில் மங்கலாக இருந்தது. பிறகு வியர்த்ததுபோல் பளபளத்தது. "இப்ப," என்று அவர் வாயைத் திறக்குமுன் மனைவி போர்டை அசையாமல் இறுக்கிக்கொண்டாள். வெண்ணெயில் விழுந்த முடியை எடுப்பதுபோல இடுக்கியால் சிப்பைத் தூக்கினார். அடியில் போர்டின் செம்புத் தடம் ஒன்றும் பெயரவில்லை. தடங்களைத் துடைத்துச் சுத்தம் செய்து, குச்சியிலிருந்து கழற்றிய சிப்பை வைத்தார். அது நேராக உட்கார மறுத்தது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போயிற்று.

"கொஞ்சம் உங்க பக்கம். போதும் போதும், அவ்வளவு இல்ல," என்றாள் மனைவி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு. "ஒரு நூல் என் பக்கம். ம். இப்ப மூச்சு விடாதீங்க."

மூச்சு விடாமல் இரண்டு மூலைக் கால்களுக்கு ஈயம் வைத்தார். பிறகு வரிசையாக மற்ற கால்கள்.

குளிர்ந்ததும் மின்சாரம் கொடுத்தார்கள். திரை கறுப்பு. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு இன்னொன்று. மெமரியே இல்லை என்று அழுகிறது.

ஈயக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. சும்மா இருந்ததை நோண்டிக் கெடுத்தவர் என்ற பட்டமும் சேர்ந்துவிடுமோ? மூன்று வருஷம் கழித்து நம்பி வந்த மனுஷி.

"எதுக்கு இப்பவே ஒப்பாரி? தள்ளுங்க," என்று மனைவி மைக்ரோஸ்கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். கால்களை ஓரத்திலிருந்து எண்ணுவதுபோல் மெல்ல நகர்த்திப் பார்த்தாள். பாதி வரிசையில் நின்றாள். "இங்க பாருங்க. ரெண்டு பேரு கையைக் கோத்துக்கிட்டு நிக்கறாங்க."

இரண்டு கால்களுக்கு நடுவே பின்பக்கமாகத் தூசி அளவுக்கு ஈயம் பாலம் போட்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. செம்புத் திரியை வைத்து அதை உறிஞ்சி எடுத்தார். மறுபடி மின்சாரம். திரை வெளுத்தது, எழுத்து வந்தது. மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் சாயங்காலம்வரை, துணி உலர்த்தப் போகும்போது ஒருமுறை, கதவைச் சாத்த வரும்போது ஒருமுறை, சும்மாவே பலமுறை வந்து எட்டிப் பார்த்தாள். சோதனை சுற்றிக்கொண்டேயிருந்தது. ஒரு சிவப்புக் கோடும் விழவில்லை.

ஈயக்காரர் சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்தார். "சரியாயிடுச்சும்மா. ஆனா மெஷினோட மாட்டிப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை. காலையில நானே எடுத்துட்டு வரேன்."

காலையில் அவர் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், மனைவி வெளியே போகும் உடையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க?"

"எங்கயோ. வயர், பெட்டி, இது எல்லாத்தையும் ஒரு ஆளு தூக்கிட்டுப் போவீங்களா? வழியில கீழ போட்டா நான் பிடிச்சுக்குடுத்த சிப்பும்தானே சேர்ந்து போகும்."

வயர் பெட்டியை வழியெல்லாம் அவளே சுமந்து வந்தாள். அந்த வீட்டுக் கதவு திறந்தது. சம்பந்தி அம்மா முதலில் அவரைப் பார்த்து, "வாங்கண்ணா," என்றார். பின்னால் நிற்பது யார் என்று தெரிந்ததும் கதவுப் பிடியிலிருந்து அவர் கை இறங்கவேயில்லை.

"வாங்க அண்ணி."

"ம்," என்றாள் மனைவி. கையிலிருந்த வயர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பின்னறையில் ஈயக்காரர் எல்லாவற்றையும் மாட்டினார். பூட்டுத் துண்டைப் பின்னால் செருகினார். வாத்துப் படம் திரையில் வந்தது. சம்பந்தி அம்மா துணியை இறுக்கி, மஞ்சள் நூலைக் கோத்து, பித்தானை அமுக்கினார். மெஷின் தடதடவென்று ஓடியது. முதலில் கால்கள். பிறகு வயிறு, இறக்கை. கழுத்து மேலே ஏறியபோது மூன்று பேருமே குனிந்தார்கள். ஊசி ஒரு நொடிகூடத் தயங்காமல் கழுத்தின் மேலேயே தலையைக் கட்டி முடித்து, கண்ணுக்குக் கறுப்பு நூல் கேட்டு நின்றது.

"வந்துடுச்சு," என்றார் சம்பந்தி அம்மா. சின்னப் பிள்ளைபோலக் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணை நம்ப வேண்டாம். ஓடட்டும்," என்றார் ஈயக்காரர்.

இரண்டாவது, மூன்றாவது வாத்து ஓடின. மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய கை, சுவர் ஆணியில் தொங்கிய சின்னக் கத்தரியைத் தானாக எடுத்தது. முடிந்த துணிகளில் நீட்டிக்கொண்டிருந்த நூல்களை வெட்ட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து நாள்முழுக்க இதைத்தான் செய்வாள்.

"வாத்து அழகா இருக்கு," என்றாள் துணியைப் பார்த்துக்கொண்டே. "யாரு வரைஞ்சது?"

சம்பந்தி அம்மா ஈயக்காரரைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். "உங்க பொண்ணுதான்."

"இங்க இருந்தப்ப வரைஞ்சதா?"

"இல்ல அண்ணி. போன மாசம். படத்தை அனுப்பி, போன்ல சொல்லிச் சொல்லி என்னையே கம்ப்யூட்டர்ல போட வெச்சா." இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு வேகமாக வந்தது. "வாராவாரம் பேசுவா. அத்தைன்னுதான் கூப்பிடறா. மாத்திக்கச் சொன்னேன், வேற என்ன கூப்பிடறதுங்கறா. லேப்டாப்பை அப்பாகிட்டக் குடுங்க, வேற யாராலயும் ஆகாதுன்னு அவதான் சொன்னா."

கத்தரி நின்றது. "வாராவாரமா?"

"ம்."

"எங்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசறதுக்குள்ள மீட்டிங் இருக்கும்மாங்கறா!"

ஈயக்காரர் கழற்ற வேண்டிய தேவையே இல்லாத ஒரு வயரைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

"உங்ககிட்டச் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு பயம் அவளுக்கு," என்றார் சம்பந்தி அம்மா. "அம்மாவைப் போய்ப் பாருங்க அத்தைன்னு நச்சரிப்பா. எனக்குத்தான் உங்க வாசப்படி ஏற ஒரு சாக்குக் கிடைக்கலை. இது கெட்டுப்போச்சுன்னதும், சொன்னா நம்பமாட்டீங்க, பாதிக் கவலை, பாதி சந்தோஷம்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு கடை ஏறி இறங்கினீங்க?" என்றார் ஈயக்காரர்.

"தைரியம் வரணுமில்லண்ணா?"

மனைவி துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் போன்ல…"

"விடுங்க அண்ணி, அதெல்லாம்…"

"விடமாட்டேன். சொல்லிடறேன். உங்க பிள்ளையை நீங்க நல்லாத்தான் வளர்த்தீங்க. எனக்கு அப்ப யாரையாவது கடிச்சு வெக்கணும்போல இருந்துச்சு. கிட்டத்துல நீங்கதான் இருந்தீங்க."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் சம்பந்தி அம்மா. "போன்ல பல்லு எட்டலை."

மனைவி முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. சம்பந்தி அம்மா எழுந்து வந்து அவளருகே நின்று, தோளில் கையை வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. கை அங்கேயே இருந்தது. மெஷின் நூல் தீர்ந்து நின்று, கீச் கீச் என்று கத்திக்கொண்டேயிருந்தது. கடைசியில் ஈயக்காரரே போய்ப் பித்தானை அமுக்கி அதை அடக்கினார்.

இனி அங்கே தனக்கு வேலையில்லை என்று அவருக்குப் புரிந்தது. கடை பூட்டிக் கிடக்கிறது, ஆள் வந்து நிற்கும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். 'நானும் வரேன்' என்று மனைவி சொல்லவில்லை. வாசலைத் தாண்டும்போது உள்ளே, முட்டி வலிக்கு எந்த டாக்டர் தேவலை என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

கடையில் அன்றைக்கு ஒரு டார்ச் லைட், பித்தான் அமுங்கிப்போன ஒரு ரிமோட், குழந்தை பாலூற்றிய ஒரு கீபோர்டு. கீபோர்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம் பலமாகக் கேட்டது.

"நான் வர நேரமாகும்," என்று மனைவி உரக்கச் சொன்னாள். "நூறு வாத்து பாக்கி இருக்கு. அடுப்புல மூடி வெச்சிருக்கேன், சுட வெச்சுச் சாப்பிட்டுக்கோங்க. அப்படியே சாப்பிடாதீங்க, ஆறிப் போயிருக்கும். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது," என்றார் ஈயக்காரர். போனை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.